எட்டு டிகிரி

ஆணியிலிருந்து அந்த அலுமினியச் சக்கரத்தை வால்வம்மா எடுத்தபோது சுவரில் வட்டமாக ஒரு வெள்ளை தெரிந்தது. பட்டறைச் சுவர் முழுக்கப் புகையும் எண்ணெயும் ஏறிக் கறுத்துக் கிடக்க, சக்கரம் தொங்கிய இடம் மட்டும் சுண்ணாம்பு அடித்த அன்றைக்குப் போலவே இருந்தது. அவள் புருஷன், அந்த வீட்டு மாப்பிள்ளை, வீட்டை விட்டுப் போனதிலிருந்து அதை யாரும் தொடவில்லை. தொட்டால் அவர் பேச்சை எடுக்க வேண்டி வருமே என்று அப்பாவுக்கும் பயம், மகளுக்கும் பயம்.

வால்வம்மா என்பது பக்கத்துக் கடை லேத்துக்காரர் வைத்த பெயர். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாகப் பையை மூலையில் எறிந்துவிட்டு, உராய்வுப் பசையைத் தடவி இஞ்சின் வால்வைத் தேய்க்க உட்கார்ந்துவிடுவாள். அவள் தேய்த்து உட்கார வைத்த வால்வு மேல் மண்ணெண்ணெய் ஊற்றினால் சொட்டுக்கூடக் கசியாது. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுடைய சொந்தப் பெயரைப் பெற்ற அப்பனே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

அப்பா மேஸ்திரி. பந்தயக் கார்களின் இஞ்சினைப் பிரித்துக் கோத்துக் கொடுக்கிறவர். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். மனைவி போன பிறகு அந்த வாயை அடக்க வீட்டில் ஆள் இல்லை.

"இந்தச் சோசியக்காரன் சக்கரத்தை வச்சுத்தான் பாக்கணுமா?" என்றார் இப்போதும்.

"பச்சைக்காருக்காரர் சொல்லிட்டுத்தானே போனாரு? சக்கரம் வச்சுப் பாத்தாத்தான் இஞ்சின் இங்க இருக்கும், இல்லேன்னா வண்டியில ஏத்தி வேற எடத்துக்குக் கொண்டுபோயிடுவேன்னு."

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு? மேல மார்க் இருக்கு, கீழ மார்க் இருக்கு. மார்க்குக்கு மார்க் வச்சோமா, செயினைப் போட்டோமான்னு இருக்கணும். செஞ்சவன் மடையனா மார்க் போட்டு அனுப்பினான்?"

"அப்பா, பேசாம ஸ்பேனரைப் பிடிங்க."

வெளியே தூறல். தகரக்கூரையில் யாரோ அரிசி புடைப்பதுபோலச் சத்தம். நாலு கால் ஸ்டாண்டில் பச்சைக்காரின் இஞ்சின் முன் கவர் இல்லாமல் நின்றது. பல்சக்கரங்களும் செயினும் திறந்து கிடந்தன. போன தடவை உடைந்ததும் இதே இஞ்சின்தான். அன்றைக்குப் போட்டதும் இதே மாதிரிப் பந்தயக் கேம் தண்டுதான்.

சாதாரணக் கேமுக்கும் பந்தயக் கேமுக்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. இரண்டும் வால்வைத் தள்ளித் திறக்கிற, முட்டை வடிவப் புடைப்புகள் வரிசையாக உள்ள ஒரு தண்டு. பந்தயக் கேமில் முட்டை பெரிது. வால்வை இன்னும் ஆழமாக இறக்கும், இன்னும் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருக்கும். அந்த நேரம் பார்த்துப் பிஸ்டன் மேலே வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ள ஒரு நூல்தான் பாக்கி. அதனால் இந்தக் கேம் வால்வை எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று அளந்து பார்த்துத்தான் பூட்ட வேண்டும் என்பார் மாப்பிள்ளை. அதற்காகவே ஓர் அலுமினியத் தகட்டை லேத்தில் வட்டமாகக் கடைந்து, சுற்றிலும் முந்நூற்று அறுபது கோடு அவர் கையாலேயே கீறி வைத்திருந்தார். கோடு போட்டு முடிக்கிற வரைக்கும் வால்வம்மா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொடுத்தாள். கலியாணம் ஆன புதிது. நடுவில் அவர் சிரிப்புக் காட்டி எண்ணிக்கையை விட வைத்து, மறுபடி முதலிலிருந்து எண்ண வைத்ததெல்லாம் உண்டு.

சக்கரத்தைப் பிஸ்டனை ஓட்டுகிற கிராங்குத் தண்டின் மூக்கில் முடுக்கினாள். ஒரு கம்பியை வளைத்து முள்ளாக்கிச் சக்கரத்தின் விளிம்பில் நிறுத்தினாள். பிளக் துளையில் ஒரு நீள போல்ட்டை மாட்டினாள். பிஸ்டன் வந்து அதில் முட்டி நிற்கும்.

"மெதுவாத் திருப்புங்க. முட்டினா நிறுத்துங்க, பலம் காட்டாதீங்க."

மேஸ்திரி திருப்பினார். முட்டியது. முள் நின்ற கோட்டைப் பார்த்து வைத்துக்கொண்டாள். பின்பக்கமாகத் திருப்பச் சொன்னாள். அங்கேயும் முட்டியது. இரண்டுக்கும் நட்டநடு எதுவோ அதுதான் பிஸ்டனின் உண்மையான உச்சி. கண்ணால் பார்த்து உச்சி இதுதான் என்று சொல்ல முடியாது, உச்சிக்குப் பக்கத்தில் பிஸ்டன் நகராத மாதிரியே ஏமாற்றும். முள்ளை வளைத்து நடுவைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தாள். போல்ட்டைக் கழற்றினாள். வால்வின் தலையில், அது நகர்வதை அளக்கிற டயல் கேஜை நிறுத்தினாள்.

"இதையெல்லாம் எப்பக் கத்துக்கிட்ட?"

"பக்கத்துல நின்னு லைட் பிடிச்சவதானே நான்."

மேஸ்திரி ஸ்பேனரைத் திருப்பினார். கேஜின் முள் ஏறியது. ஏறி, உச்சிக்குப் போய், இறங்கத் தொடங்கியது. உச்சிக்கு இந்தப் பக்கம் ஓர் இடம், அந்தப் பக்கம் அதே உயரத்தில் ஓர் இடம். இரண்டிலும் சக்கரம் காட்டுவதைக் கூட்டிப் பாதியாக்கினால் முட்டையின் நடு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

"தாண்டிட்டீங்கப்பா."

"ஒரு மயிரிழைதானே? இந்தா, திருப்பிடறேன்."

"அப்படித் திருப்பக் கூடாது. செயின்ல தொய்வு இருக்கும், பொய்க் கணக்குக் காட்டும். நல்லாப் பின்னால போயிட்டு மறுபடி முன்னால வாங்க."

"உங்கப்பனுக்கே சொல்லித் தர்ற காலமாப் போச்சு," என்றார். ஆனால் போய்விட்டு வந்தார்.

"தொண்ணூறு," என்றாள். பிறகு அந்தப் பக்கம்: "நூத்தி நாப்பத்திரெண்டு."

கூட்டிப் பாதியாக்கினாள். நூற்றுப் பதினாறு. கேமோடு வந்த சீட்டில் நூற்றெட்டு என்று அச்சடித்திருந்தது.

"தப்பாப் படிச்சிருப்ப. மறுபடி பாரு."

மறுபடி பார்த்தார்கள். நூற்றுப் பதினாறு. மேஸ்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து தானே படித்தார், அவளைத் திருப்பச் சொன்னார். சக்கரம் யாருக்கும் முகதாட்சண்யம் பார்க்கவில்லை. மார்க்குக்கு மார்க் நூல் பிடித்ததுபோல நேராக நின்றது. ஆனால் கேம் எட்டு டிகிரி தாமதமாக நின்றது.

"அது எப்படி?" என்றார் மேஸ்திரி. குரல் இறங்கிவிட்டது.

"ஹெட்டோட அடியைச் சீவினோம்ல? ஹெட் கீழ இறங்கினா மேல இருக்கற சக்கரமும் கிட்ட வந்துடுது, செயின் ஒரு பக்கம் இழுத்துக்குது. கியர்ல மார்க்கும் கொஞ்சம் தள்ளி அடிச்சிருக்கலாம். அவர் சொல்லுவாரு."

இஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைச் சீவச் சொன்னது மேஸ்திரிதான். இஞ்சினுக்கு இன்னும் கொஞ்சம் வலு வரட்டும் என்று தானே லேத்துக்காரரிடம் தூக்கிக்கொண்டு போனார்.

வால்வம்மா கேம் கியரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தினாள். அந்தக் கியர் இரண்டு துண்டாக இருக்கும்: உள்ளே ஒரு தட்டு, வெளியே பல் வளையம். போல்ட்டைத் தளர்த்தினால் ஒன்றுக்குள் ஒன்று இம்மி இம்மியாக நகரும். நகர்த்தி, முடுக்கி, அளந்தாள். நூற்றுப் பதினொன்று. மறுபடி நகர்த்தினாள். நூற்றெட்டு.

கையிலிருந்த துணியால் கியரைத் துடைத்தாள். அப்போதுதான் அதைப் பார்த்தாள்.

உள் தட்டிலிருந்து வெளி வளையம் வரைக்கும் ஒரு கீறல். ஊசி முனையால் இழுத்த மாதிரி, தலைமயிரின் கனம்தான் இருக்கும். மார்க்குக்கு மார்க் வைத்திருந்தபோது அது இரண்டு துண்டாகப் பிரிந்து, ஏதோ உரசல் என்று நினைக்கும்படி கிடந்தது. இப்போது உள் கோடும் வெளிக் கோடும் ஒட்டி ஒரே கோடாக நின்றது.

ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டாள்.

போன தடவை இந்த இஞ்சின் பந்தய மைதானத்தில் முழு வேகம் எடுத்த உடனே வால்வு உடைந்து பிஸ்டனைக் குத்திக் கிழித்தது. கார் தன் எண்ணெயிலேயே வழுக்கிச் சுற்றி டயர் அடுக்கில் போய் மோதியது. காரை ஓட்டிய பச்சைக்காருக்காரர் கையில் கட்டோடு பட்டறை வாசலில் வந்து நின்றார். ஊரே பார்க்க மேஸ்திரி சொன்னார்: "வால்வு ஸ்பிரிங் மாட்டினது மாப்பிள்ளை. அதைப் பிடிக்கற லாக் சரியா உக்காந்திருக்காது. அவசரக்குடுக்கை."

மாப்பிள்ளை அங்கே வாய் திறக்கவில்லை. இஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். வால்வம்மா ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாள்.

"கியரை யாரோ நகர்த்தியிருக்காங்க," என்றார். "நான் அளந்து முடுக்கிட்டுக் கோடு போட்டு வச்சேன். இப்பக் கோடு பிரிஞ்சு நிக்குது. ஒரு எட்டு வந்து பாரேன்."

"யாரோன்னா யாரு? கவரை மூடினது அப்பா. அப்பாவைச் சொல்றீங்களா?"

"நான் யாரையும் சொல்லல. வந்து பாருன்னுதான் சொல்றேன்."

"நான் எதுக்குப் பாக்கணும்? தப்புப் பண்ணிட்டு அடுத்தவங்க தலையில ஏன் கட்டறீங்க?"

அவ்வளவுதான். சண்டைகூட இல்லை. அவர் அடுப்படி நிலையில் கொஞ்ச நேரம் நின்றார். ரொட்டி கருகுகிறது என்றார். மறுநாள் பையை எடுத்துக்கொண்டு "வர்றியா?" என்று கேட்டார். "அப்பாவை யாரு பாத்துக்குவாங்க?" என்றாள் அவள். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அந்தக் கியர் சுவருக்கு அந்தப் பக்கம் எண்ணெய்த் தட்டில் கிடந்தது. எழுந்து போய்ப் பார்க்கவில்லை பாவி.

"அப்பா," என்றாள் இப்போது. "கவர் மூடறதுக்கு முன்னால கியரைத் தொட்டீங்களா?"

மேஸ்திரி பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"மார்க் தள்ளி நின்னுச்சு கண்ணு. மாப்பிள்ளை கவனிக்காம விட்டுட்டாருன்னு நெனச்சேன். தளர்த்தி, மார்க்குக்கு மார்க் வச்சு மூடினேன்."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எல்லாரும் இருந்தாங்க. நாலு பேர் முன்னால வீட்டு மாப்பிள்ளையை அசிங்கப்படுத்த வேணாம்னுதான் சொல்லாம சரி பண்ணினேன்."

"உடைஞ்சப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"நான் சரிதானே பண்ணினேன்னு இருந்தேன்! தப்புப் பண்ணினா ஒருத்தன் மறைப்பான். சரியாப் பண்ணினதை எவன் போயிச் சொல்லுவான்? எனக்குத் தோணவே இல்ல கண்ணு. சத்தியமாத் தோணல."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவரைத் திட்ட வேண்டும்போலவும் இருந்தது, பார்க்கப் பாவமாகவும் இருந்தது. திட்டுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்று வால்வம்மாவுக்குத் தோன்றியது. அப்பாவாவது தெரியாமல் செய்தார். அவளையோ மாப்பிள்ளை கூப்பிட்டே பார்க்கச் சொன்னார், அவள்தான் போகவில்லை.

லேத்துக்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மூன்று தேநீரோடு வந்தார். "என்ன, இழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டவர், சக்கரத்தைப் பார்த்தார், கியரைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார்.

"அதான பாத்தேன்," என்றார். "அன்னைக்கே மாப்பிள்ளை வந்து, ஹெட்ல எவ்வளவு சீவினீங்கன்னு நுணுக்கமாக் கேட்டுட்டுப் போனாரு. இவ்வளவு கேக்கறவரா லாக் போடறதுல கோட்டை விடுவாருன்னு நெனச்சேன்."

"நெனச்சதை வாயைத் திறந்து சொல்றதுக்கு என்னய்யா?" என்று மேஸ்திரி பாய்ந்தார்.

"சொன்னா நீ கேக்கற ஆளு பாரு! உன் வாய்க்குப் பயந்து என் லேத்தே மெதுவாத்தான் ஓடுது."

வேறு நாளாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள்.

"அவர் எங்க இருக்காரு மாமா?" என்றாள் வால்வம்மா. "உங்களுக்குத் தெரியும். நான் கேட்டதே இல்ல, இப்பக் கேக்கறேன்."

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற ஓர் இடம் இருக்கிறது, அங்கே ரிப்பேர் வேலை, மாடியில் ஓர் அறை என்று சொன்னார் லேத்துக்காரர்.

அவள் எழுந்தாள். மேஸ்திரியும் எழுந்தார்.

"நானும் வரவா?"

"வேணாம்ப்பா."

"அப்ப மாப்பிள்ளைகிட்டச் சொல்லு. கவரை மூடாம வச்சிருக்கேன்னு சொல்லு. அவர் வந்து கண்ணால பாத்து, அவர் கையாலதான் மூடணும். நான் தொடமாட்டேன். மன்னிப்புன்னு... அதை நான் நேர்ல சொல்லிக்கறேன்."

கையைக் கழுவாமலே கிளம்பிவிட்டாள். பேருந்தில் ஏறிக் கம்பியைப் பிடித்தபோதுதான் பார்த்தாள், மணிக்கட்டு வரைக்கும் கறுப்பு. பக்கத்து இருக்கைப் பெண் புடவையை ஒதுக்கிக்கொண்டாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் கோத்துப் பார்த்தாள். ஒன்றும் கோவையாக வரவில்லை.

மாப்பிள்ளை ஒரு ஜெனரேட்டரின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டு வெளியே எடுத்தார். இளைத்திருந்தார். காதோரம் நரை.

"வா," என்றார், நேற்றுப் பார்த்தவளைக் கூப்பிடுகிற மாதிரி. "நனைஞ்சுட்டியே. மாமா நல்லா இருக்காரா?"

"இருக்காரு."

மாடிக்குக் கூட்டிப்போனார். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு தட்டு. கட்டிலில் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் சூடு பண்ணினார். அவித்த முட்டை இரண்டு இருந்தது, உரித்துத் தட்டில் வைத்தார். அவளுக்கு ஓடு உரிக்கப் பொறுமை கிடையாது, அந்த வீட்டில் எப்போதும் அவர்தான் உரிப்பார்.

"சக்கரம் வச்சுப் பாத்தோம்," என்றாள்.

அவர் திரும்பவில்லை. "எவ்வளவு வந்துச்சு?"

"மார்க்குக்கு மார்க் வச்சா எட்டு டிகிரி லேட்டு."

"ம். எனக்கும் எட்டுதான்."

"சரி பண்ணினதும் கோடு ஒட்டிக்கிச்சு. நீங்க போட்ட கோடு."

"ஒட்டும்."

"அப்பாதான் நகர்த்தியிருக்காரு. உங்களுக்கு அவமானம்னு சொல்லாம விட்டிருக்காரு. அவருக்கே இன்னைக்குத்தான் தெரியும். உக்காந்து அழுதுட்டாரு. கவரை நீங்க வந்துதான் மூடணுமாம்."

மாப்பிள்ளை தேநீரைக் கொண்டுவந்து கொடுத்தார். எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"மாமாதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சே என் தலையில போடறாருன்னு நெனச்சேன். தெரியாமத்தான்னா நல்லது. அவர் மேல இனிக் கோவம் இல்லன்னு சொல்லு. மார்க் தள்ளி நின்னா மெக்கானிக்குக் கை பரபரக்கத்தான் செய்யும்."

"என் மேல?"

ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உன் மேல கோவம்னு இல்ல."

"நான் சொன்னது தப்புங்க. அடுத்தவங்க தலையில கட்டறீங்கன்னு சொன்னேனே, அதை நெனச்சு நெனச்சு... திரும்பி வந்துடுங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"சீ, என்ன பேச்சு இது? முட்டையைச் சாப்பிடு." பிறகு மெதுவாகச் சொன்னார்: "என்னை நம்புன்னுகூட அன்னைக்கு நான் கேக்கலையே வால்வம்மா. வந்து பாருன்னுதானே கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் கெடந்துச்சு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னைக்குச் சக்கரம் சொல்லுச்சு, ஓடி வந்துட்ட. சந்தோஷம்தான். சக்கரம் வேற மாதிரிச் சொல்லியிருந்தா?"

கீழே யாரோ ஜெனரேட்டரை முடுக்கினார்கள், அறை அதிர்ந்தது, தட்டு லேசாக நகர்ந்தது. அந்தச் சத்தத்தில் அவள் அழுதாள். அவர் அழ விட்டார். பிறகு ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய் கொண்டுவந்து, துணியை நனைத்து அவள் கையைப் பிடித்துத் துடைத்தார். விரல் விரலாக, நக இடுக்கு விடாமல். சோப்புப் போட்டு வெந்நீர் ஊற்றினார். தன் துண்டால் ஒற்றிவிட்டார். இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறவர் ஏன் வரமாட்டார் என்று அவளுக்குப் புரிந்தது, அதுதான் தாங்கவில்லை.

பேருந்து நிறுத்தம் வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

"எப்ப வருவீங்க?"

"பஸ் வருது பாரு. ஏறு, நனையாத."

வீடு திரும்பியபோது மழை விட்டிருந்தது. மேஸ்திரி பட்டறை வாசலிலேயே நின்றிருந்தார். சட்டை மாற்றியிருந்தார், முகம் மழித்திருந்தார். இஞ்சின் மேல் வெளுத்த துணி ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தார். மகளின் பின்னால் எட்டிப் பார்த்தார். தெரு காலியாக இருந்தது.

"வேலை இருக்கும், முடிச்சிட்டு வருவாரு," என்றார் அவரே. "நாளைக்கு வருவாரா இருக்கும். என்ன சொன்னாரு மாப்பிள்ளை?"

"உங்க மேல கோவம் இல்லன்னாருப்பா."

"அப்படியா சொன்னாரு?" மேஸ்திரியின் முகம் மலர்ந்துவிட்டது. "தங்கமான மனுஷன். அப்பன்னா வந்துடுவாரு. கவர் அப்படியே இருக்கட்டும். எத்தனை நாளானாலும் இருக்கட்டும்."

வால்வம்மா துணியை விலக்கினாள். விளக்கை இழுத்துக் கியருக்கு நேரே பிடித்தாள். கீறல் அப்படியே ஒரே கோடாக இருந்தது. குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தாள். சக்கரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கவரை எடுத்து வந்து பொருத்தினாள்.

"ஏய், என்ன பண்ற? மாப்பிள்ளை வந்து பாக்க வேணாமா?"

"அவர் பாத்ததுதான்ப்பா. நான்தான் பாக்கல. இப்பப் பாத்துட்டேன்."

கழுவிய கையால் ஸ்பேனரை எடுத்தாள். முதல் போல்ட்டை முடுக்கினாள். மேஸ்திரி காலியான தெருவை ஒரு தடவை பார்த்துவிட்டு, அடுத்த போல்ட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.